ரெண்டு தட்டு தட்டினா விட்டுடணும்

எங்க தற்காப்புச் சண்டை கிளாஸ்ல எல்லாத்துக்கும் மேல ஒரே ஒரு சட்டம்தான். யாரு யாரப் புடிச்சிருந்தாலும் சரி, மாட்டிக்கிட்டவங்க ரெண்டு தடவ தட்டினா உடனே விட்டுடணும். எதிராளி தோள்ல தட்டலாம், தரையில தட்டலாம், சுவத்துல தட்டலாம், எதுல தட்டினாலும் செல்லும். சத்தம் காதுல விழுந்த அடுத்த நொடி கை திறந்திருக்கணும். விட்டுட்டு ஒரு அடி பின்னால போயி, ரெண்டு கையையும் தொங்க விட்டு, தலைய லேசாக் குனியணும். இவன் நெஜமாத்தான் தட்டினானா, நடிக்கிறானான்னு யோசிக்கிற வேலையே கிடையாது. யோசிக்கிற நேரத்துல மூட்டு நழுவிடும்னு என் பொண்ணு சொல்லுவா.

எங்க கிளாஸ்னு நான் சொல்லிக்கிறேனே தவிர, சொல்லிக் குடுக்கிறது என் பொண்ணு. பிள்ளைங்க அவள மாஸ்டர்னு கூப்பிடும். என் வேலை மணி அடிக்கிறது. கடையில கல்லாப் பக்கத்துல வச்சிருப்பாங்களே, உச்சியில அமுக்கினா டிங்குன்னு சத்தம் வருமே, அந்த மணி. ரெண்டு நிமிஷம் சண்டை, ஒரு டிங்கு. அரை நிமிஷம் ஓய்வு, இன்னொரு டிங்கு. அதனால நான் மணிப் பாட்டி. கூப்பிட்டுட்டுப் போகட்டும், என்ன கொறஞ்சு போச்சு.

இடம் ஒண்ணும் பெரிய இடம் இல்ல. கீழ டயர் கடை, மேல ஹாலு. மழைக்காலத்துல ரப்பர் வாசனை மேல ஏறி வந்து மூக்குல உக்காந்துக்கும். தரை முழுக்க நீல பாய், ஒரு மூலையில அடிச்சுப் பழகுற மூட்டை, வாசல்ல ஷூ வைக்கிற மர அலமாரி. பாய் மேல வெறுங்காலோடதான் ஏறணும். வாசலுக்கு வெளிய சிமெண்டுப் படிக்கட்டு, இரும்புக் கைப்பிடி. இந்தப் படிக்கட்ட ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால வரும்.

பதிமூணு வயசுலேர்ந்து பதினேழு வரைக்கும் பன்னெண்டு பிள்ளைங்க. இந்த வயசுக்குக் கோவம் மூக்கு மேல நிக்கும், ஹெல்மெட்டு மாட்டிவிட்டா அதுக்கும் மேல நிக்கும். அதனால என் பொண்ணு முதல் ஆறு மாசம் அடிக்கவே சொல்லித் தர மாட்டா. நிறுத்தத்தான் சொல்லித் தருவா. காலத் தூக்கி உதைக்கணும், ஆனா எதிராளி நெஞ்சுல கட்டியிருக்கிற பேட்ல தொட்டும் தொடாம நிக்கணும். பட்டுன்னு சத்தம் வந்தா உதைச்சவன் இருபது தண்டால் எடுக்கணும். "அடிக்கிறதுக்கு மாட்டுக்கும் தெரியும். நடுவுல நிறுத்துறதுக்குத்தான் நீங்க இங்க வரீங்க"ன்னு சொல்லுவா.

அப்படி நிறுத்துறதுல எல்லாரையும் விடக் கெட்டிக்காரி ஒருத்தி இருந்தா. பதினஞ்சு வயசு. உயரமா, ஒல்லியா, தலைமுடிய உச்சியில கட்டிக்கிட்டு வருவா, அதனால அவ பேரு பென்சில். அவளுக்கு ஜோடி லாரி. லாரியும் பொண்ணுதான், அதே வயசு, ஆனா அகலம் ரெண்டு பங்கு. ரெண்டும் பாய் மேல நின்னா பாக்கவே சிரிப்பா இருக்கும்.

"ஏய் பென்சில், இன்னிக்கு உன்னச் சீவி விட்டுடறேன் பாரு."

"முதல்ல ரிவர்ஸ் எடு. பின்னால சுவரு இடிக்குது."

இப்படித்தான் பேசிக்கும். ஆனா மணி அடிச்சாச்சுன்னா ஒரு வார்த்தை வராது. பென்சிலோட பிடி இருக்கே, எதிராளி மணிக்கட்டப் புடிச்சு, தோளுக்குப் பின்னால திருப்பி, மூஞ்சியச் சுவத்துப் பக்கம் தள்ளி நிறுத்துவா. லாரி மாதிரி ஆளு கூட அசைய முடியாது. லாரி ரெண்டு தட்டு தட்டுவா. ரெண்டாவது தட்டு விழறதுக்குள்ள பென்சில் கை திறந்திருக்கும். என் பொண்ணு மத்த பிள்ளைங்களக் கூப்பிட்டு அதக் காட்டுவா. "பாருங்க, இதுதான் கை. சொன்ன பேச்சு கேக்குது பாருங்க."

அந்தக் கைதான் அவளக் கவுத்துச்சு.

பென்சிலும் அவ அம்மாவும் ஒரு நாலு மாடிக் கட்டடத்துல மூணாவது மாடி. அம்மா சலவைக் கடையில நீராவி இஸ்திரி போடுறவங்க, காலையில போனா பொழுது சாயத்தான் வருவாங்க. ரெண்டே பேருதான் வீட்டுல. அன்னிக்கு லிப்டு ரிப்பேரு. ஸ்கூல் விட்டு நாலரை மணிக்கு பென்சில் படியேறி வந்திருக்கா. ரெண்டாவது மாடித் திருப்பத்துல ஒருத்தன் நின்னுக்கிட்டு இருந்திருக்கான். முப்பது முப்பத்தஞ்சு வயசு இருக்கும், கட்டம் போட்ட சட்டை. அதுக்கு முன்னாலயும் ரெண்டு மூணு நாளு அவனப் பாத்திருக்கா, யாரோட சொந்தக்காரனோன்னு விட்டுட்டா. அன்னிக்கு அவன் வழிய மறிச்சு இவ கையப் புடிச்சு இழுத்திருக்கான்.

பென்சில் பயப்படல. நம்ம ஹாலுல எப்படிப் பண்ணுவாளோ அச்சு அசலா அப்படியே பண்ணியிருக்கா. மணிக்கட்டு, திருப்பு, தோளு, சுவரு. ஆறடி ஆளு, கன்னம் சுவத்துல ஒட்டி, ஆட்டாம அசங்காம நின்னிருக்கான். ஒரே ஒரு நிமிஷம் அப்படியே வச்சிருந்தா போதும். கீழ லிப்டு மெக்கானிக் வேலை பாத்துக்கிட்டு இருந்தாரு, ஒரு குரல் குடுத்தா ஓடி வந்திருப்பாரு.

அவனுக்கு வலி. வலியில இன்னொரு கையால சுவத்துல தட்டினான். பட், பட்.

பென்சில் விட்டுட்டா.

விட்டுட்டு ஒரு அடி பின்னால போயி, ரெண்டு கையையும் தொங்க விட்டு, தலையக் குனிஞ்சிருக்கா. அவன் திரும்பினான், ரெண்டு கையாலயும் நெஞ்சுல தள்ளினான். எட்டுப் படி உருண்டு விழுந்தா. இடது மணிக்கட்டுல ரெண்டு எலும்பும் முறிஞ்சு போச்சு.

அவன அந்த வாரமே புடிச்சுட்டாங்க. தலதெறிக்க ஓடுறப்ப மெக்கானிக் அவன் மூஞ்சியப் பாத்துட்டாரு, அவரு போயி சாட்சி சொன்னாரு. அவன் கத அவ்வளவுதான், அத விடுங்க.

ஆஸ்பத்திரிக்கு நானும் என் பொண்ணும் போனோம். அம்மாக்காரங்க மருந்து வாங்கப் போயிருந்தாங்க. கட்டுப் போட்ட கையத் தலகாணி மேல வச்சுக்கிட்டு பென்சில் படுத்திருந்தா. என் பொண்ணு ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தா. அந்தப் பிள்ளை மேல மின்விசிறியப் பாத்துக்கிட்டே மெதுவாச் சொல்லுச்சு.

"மாஸ்டர், அவன் தட்டினான்."

என் பொண்ணுக்கு முதல்ல புரியல. "என்னம்மா?"

"சுவத்துல ரெண்டு தடவ தட்டினான் மாஸ்டர். நான் விட்டுட்டேன். விடணும்னு நான் நெனைக்கவே இல்ல. கை தானாத் திறந்துக்கிச்சு."

என் பொண்ணு மூஞ்சி செத்துப் போச்சு. நாப்பது வருஷமாப் பாக்குற மூஞ்சி, எனக்குத் தெரியாதா. அந்தப் பிள்ளையோட நல்ல கையப் புடிச்சுக்கிட்டா. அதுக்குள்ள அம்மாக்காரங்க மருந்துப் பையோட வந்துட்டாங்க. கதவுகிட்டயே நின்னு கேட்டிருக்காங்க போல.

"ரெண்டு வருஷமா உங்ககிட்ட வரா"ன்னாங்க. சத்தம் போடல, அதுதான் கஷ்டமா இருந்துச்சு. "மழையோ வெயிலோ ஒரு நாளு தப்பினதில்ல. என்ன டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க?"

"விடறதுக்குச் சொல்லிக் குடுத்தேங்க"ன்னா என் பொண்ணு. "புடிக்கிறதுக்கும் சொல்லிக் குடுத்தேன். ஆனா விடறதத்தான் ஆயிரம் தடவ செய்ய வச்சேன்."

அதோட நாங்க வந்துட்டோம்.

விஷயம் பரவிடுச்சு. பெத்தவங்க ஒவ்வொருத்தரா ஹாலுக்கு வர ஆரம்பிச்சாங்க. ஒரு அப்பா, பஸ் டிரைவரு, நல்ல மனுஷன்தான், அவரு சொன்னாரு, "மாஸ்டர், அந்தத் தட்டுற பழக்கத்த எடுத்துடுங்க. எம் பொண்ணுக்குப் புடிச்சா உடும்புப்பிடியாப் புடிக்கக் கத்துக் குடுங்க, போதும்."

என் பொண்ணு கேட்டா, "அவ யாரப் புடிச்சுப் பழகுவா?"

"இங்க இருக்கிற பிள்ளைங்களத்தான்."

"அந்தப் பிள்ளைங்க தட்டினாலும் விடாமயா?"

அவரு திரும்பிப் பாத்தாரு. அவரு பொண்ணும் அங்கதானே நின்னுக்கிட்டு இருந்தா. மிச்சப் பதினோரு பேரும் ஒருத்தர் கைய ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னாங்க.

அதுக்கப்புறம் மூணு மாசம் ஹாலுல ஸ்பாரிங்கே இல்ல, அதான் ஜோடி போட்டுச் சண்டை பழகுறது. குதிக்கிறது, ஓடுறது, மூட்டையக் குத்துறது, அவ்வளவுதான். என் மணிக்கு வேலை இல்லாம தூசி படிஞ்சுது. என் பொண்ணு வீட்டுல சோத்தத் தட்டுல போட்டு வச்சுக்கிட்டு சுவத்தையே பாத்துக்கிட்டு இருப்பா. மருமகன் என்கிட்ட வந்து, "அத்தை, நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்"னாரு. நான் என்னத்தச் சொல்ல. தட்டினா விடுற சட்டம் இல்லாம சண்டை பழக முடியாது, ஒண்ணு ஒண்ணு கைய முறிச்சுக்கும். அது இருந்தா இப்படி ஆகுது. இதுல நான் சொல்ல என்ன இருக்கு.

ஆறு வாரத்துல கட்டுப் பிரிச்சாங்க. அதுக்கப்புறம் ஒரு மாசம் கைக்குப் பயிற்சி. அப்புறம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பென்சிலோட அம்மா அவளக் கூட்டிக்கிட்டு ஹாலுக்கே வந்தாங்க. இனிமே கிளாஸ் வேணாம்னு சொல்லத்தான் வந்திருக்காங்கன்னு நான் நெனச்சேன். அவங்க பொண்ண உள்ள அனுப்பிட்டு, எங்ககிட்ட தாழ்ந்த குரல்ல சொன்னாங்க.

"நான் வீட்டுல துணி மடிச்சுக்கிட்டு இருப்பேன். பக்கத்துல வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு, அம்மா மேஜையில ரெண்டு தடவ தட்டேன்னு சொல்றா. தட்டினா அவ கை திறந்துக்குது. மறுபடி தட்டு மறுபடி தட்டுன்னு ஒரு நாளைக்கு அம்பது தடவ. ஒவ்வொரு தடவையும் திறந்துக்குது. அப்புறம் அந்தக் கையவே மொறச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. தூங்குறதில்ல. இது நீங்க கட்டிவிட்டதுதான் டீச்சர், நீங்களே அவுத்து விடுங்க."

என் பொண்ணு தலைய ஆட்டினா.

மறுவாரம் ஸ்பாரிங் திரும்ப ஆரம்பிச்சுது. பென்சிலும் லாரியும் ஜோடி. நான் மணி அடிச்சேன். ஒரு நிமிஷம் சுத்திச் சுத்தி வந்தாங்க, அப்புறம் பென்சில் புடிச்சா. அதே பிடி. லாரி தட்டினா, ரெண்டு தட்டு. பென்சில் விடல.

லாரி திரும்பவும் தட்டினா. விடல. பென்சில் கண்ண இறுக்க மூடிக்கிட்டு, பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கிறா. "மாஸ்டர்"னு லாரி கத்தினா. என் பொண்ணு ஓடிப் போயி பென்சில் விரல ஒவ்வொண்ணா எடுத்துவிட்டா. லாரி பாய்ல உக்காந்து தோளப் புடிச்சுக்கிட்டு அழுதா. பெரிய அடி இல்ல, ஆனா பயந்துட்டா. ரெண்டு வருஷமா இவகிட்ட கையக் குடுத்துட்டு நிம்மதியா நின்னவ.

"ஏன்டி?"ன்னு கேட்டா லாரி.

"நான் இனிமே விட மாட்டேன்"னா பென்சில். "யாரு தட்டினாலும் விட மாட்டேன். என் கை என் பேச்சக் கேக்கணும்."

என் பொண்ணு அவ முன்னால மண்டி போட்டு உக்காந்தா. "விட மாட்டேன்னா பாய் மேல ஏற முடியாதும்மா. லாரிய நான் உன்கிட்டக் குடுக்க முடியாது. யாரையும் குடுக்க முடியாது."

"விட்டா வெளிய போக முடியாது மாஸ்டர். படியேறவே முடியல. மூணு மாசமா அம்மா வர வரைக்கும் கீழ வாசல்லயே உக்காந்திருக்கேன்."

அப்பத்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. நாலரை மணிக்கு ஸ்கூல் விட்டு வர பிள்ளை, அம்மா வேலை முடிச்சு வர வரைக்கும் பைய மடியில வச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்கு. சொந்த வீட்டுக்குப் போக முடியாம. அம்மாகிட்ட, காத்து வாங்குறேன்னு சொல்லியிருக்கு.

என் பொண்ணு எழுந்து ஷூ அலமாரிகிட்டப் போயி ரொம்ப நேரம் நின்னா. பன்னெண்டு ஜோடி ஷூவையும் பாத்துக்கிட்டே நின்னா. அப்புறம், "அடுத்த ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வா"ன்னா. "அம்மாவையும் கூட்டிக்கிட்டு வா. லாரி, நீயும் வரணும்."

ஞாயித்துக்கிழமை காலையில பாத்திரம் கழுவிக்கிட்டே என்கிட்டச் சொன்னா, "அம்மா, இன்னிக்கு நான் தட்டுவேன். எத்தன தடவ தட்டினாலும் நீ மணி அடிக்கக் கூடாது."

"பொய்யாத்தானே தட்டப் போற?"

"பொய்த்தட்டு அவளுக்குத் தெரியும்மா. ரெண்டு வருஷமா நெஜத்தட்டக் கேட்ட கை அது. வலிச்சாத்தான் தட்டுவேன்."

அவளுக்கு வலது தோளு ஏற்கெனவே ஒரு தடவ நழுவினது, போட்டிக்குப் போற காலத்துல. பிள்ளைங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். "இடது கையக் குடேன்"னேன். "அவன் எந்தக் கையால அவளப் புடிச்சான்?"னு கேட்டா. வலது கையாலதான். நான் பாத்திரத்தத் தொடைக்க ஆரம்பிச்சுட்டேன்.

நாலு மணிக்கு எல்லாரும் வெளிய படிக்கட்டுல. என் பொண்ணு மருமகனோட பழைய கட்டம் போட்ட சட்டைய மாட்டிக்கிட்டு, ஷூ போட்டுக்கிட்டு, திருப்பத்துல நின்னா. அந்தச் சட்டையப் பாத்ததும் பென்சில் மூஞ்சி வெளுத்துச்சு. அவளுக்கும் ஷூ. லேஸ நல்லா இறுக்கிக் கட்டச் சொன்னா. அம்மாக்காரங்க மேல ஹால் வாசல்ல நின்னாங்க, நான் மணிய மடியில வச்சுக்கிட்டு நாற்காலியில. லாரி என் பக்கத்துல.

கீழ டயர் கடைக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சாச்சு. குரல் கேட்டா மேல வரணும், வந்து புடிச்சுக்கணும். அது வரைக்கும் பென்சில் விடக் கூடாது. "வாங்கன்னு கத்திக்கிட்டே இரு, ஆளு வந்து 'நான் புடிச்சுக்கிறேன்'னு சொன்னாத்தான் விடணும்"னு என் பொண்ணு விளக்கினா.

முதல் தடவ. என் பொண்ணு கையப் புடிச்சு இழுத்தா, பென்சில் திருப்பினா, சுவத்துல சாத்தினா. பட், பட். கை திறந்துக்கிச்சு. தலையும் குனிஞ்சுது.

ரெண்டாவது தடவ, அதே. மூணாவது தடவ, அதே. அந்தப் பிள்ளை ஆத்திரத்துல தன் கையத் தானே தொடையில அடிச்சுக்கிச்சு. மேல அம்மாக்காரங்க முந்தானைய வாயில வச்சுக்கிட்டாங்க.

என் பொண்ணு அவ தாடையத் தொட்டு, "கீழ பாரு"ன்னா. "கால்ல என்ன இருக்கு?"

"ஷூ."

"நம்ம பாய் மேல என்னிக்காவது ஷூ போட்டுக்கிட்டு ஏறியிருக்கியா?"

"இல்ல மாஸ்டர்."

"பாய் மேல இருக்கிறவங்க உனக்குக் கையக் குடுத்தவங்க. நீ விடுவேன்னு நம்பிக் குடுத்தவங்க. அவங்க தட்டினா விடணும், அது மாறாது. படியில நிக்கிறவன் குடுக்கல, அவனா வந்து புடிச்சான். அவன் தட்டு செல்லாது. ஷூ போட்டிருக்கும்போது யாரு தட்டினாலும் செல்லாது. இத நான் முதல் நாளே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு, உன் கை மேல தப்பில்ல."

பென்சில் குனிஞ்சு லேஸ அவுத்து இன்னொரு தடவ இறுக்கிக் கட்டிக்கிட்டு எழுந்தா.

நாலாவது தடவ. மணிக்கட்டு, திருப்பு, தோளு, சுவரு. பட், பட். பென்சிலோட ஒரு விரல் தூக்கிக்கிச்சு. அவ குனிஞ்சு கால் ஷூவப் பாத்தா. விரல் திரும்ப மடங்குச்சு. புடிச்சுட்டா.

"யாராவது வாங்க"ன்னு கத்தினா. குரல் பிசிறடிச்சுது. "யாராவது வாங்க."

யாரும் வரல. டயர் கடைக்காரர் சரியா அந்த நேரம் பாத்து காத்தடிக்கிற மெஷினப் போட்டுட்டாரு, டடடடன்னு கட்டடமே அதிருது, அவருக்கு எங்க கேக்கப் போகுது. என் பொண்ணு தட்டினா. மறுபடி தட்டினா. அவ தட்டின சத்தம் மாறிடுச்சு. முதல்ல ரெண்டு ரெண்டாத் தட்டினவ இப்ப படபடன்னு தட்டுறா. உதடு வெள்ளையாப் போச்சு. என் கை மணி மேல. நான் பெத்த பிள்ளை, அவ தோளு எனக்குத் தெரியும். கீழ இறங்கிப் போயி ஆளக் கூப்பிடலாம்னா என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடும். லாரி எழுந்தா. என் பொண்ணு கண்ணாலேயே அவள உக்காரச் சொன்னா. அப்புறம் என்னையும் பாத்தா. நான் மணி மேலேர்ந்து கைய எடுத்து என் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டேன்.

பென்சில் மூச்ச இழுத்து அடிவயித்துலேர்ந்து ஒரு கத்து கத்தினா. அது அழுகைக் குரல் இல்ல. தெருவுல போறவங்க நின்னு பாத்தாங்கன்னு அப்புறம் சொன்னாங்க. மெஷின் நின்னுச்சு. டயர் கடைக்காரர் கையெல்லாம் கரியோட ரெண்டு ரெண்டு படியாத் தாவி வந்தாரு. "வந்துட்டேம்மா. நான் புடிச்சுக்கிறேன், விடு."

அப்பத்தான் விட்டா. நான் கடியாரத்தப் பாத்தேன். நாப்பத்தேழு நொடி.

என் பொண்ணு படியில உக்காந்தா. வலது கை மடியில கெடந்துச்சு, அவளோடது இல்லாத மாதிரி. பென்சில் அவ முன்னால குந்தி உக்காந்து, "மாஸ்டர், மாஸ்டர்"னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தா.

"ஒண்ணுமில்ல. நல்லாப் புடிச்ச"ன்னா என் பொண்ணு. ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா வந்துச்சு. "இப்ப உள்ள போயி ஷூவக் கழட்டு."

"இன்னிக்கு வேணாம் மாஸ்டர். ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"போலாம். ரெண்டே நிமிஷம். அது முடிஞ்சுதான் நான் எழுந்திருப்பேன்."

எனக்கு அந்த நேரம் என் பொண்ணு மேல கோவம்தான் வந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது. புடிக்கிறதோட நிறுத்திட்டா அந்தப் பிள்ளை கை இன்னொரு பக்கமா மாட்டிக்கும், விடவே தெரியாமப் போயிடும். பெத்தவங்களுக்கு அது போதும். இவளுக்குப் போதாது.

பென்சில் ஷூவக் கழட்டி அலமாரியில வச்சா. லாரி வெறுங்காலோட பாய் மேல ஏறி நின்னா. போன தடவ வலிச்ச தோள இன்னொரு கையால தடவிக்கிட்டே இருந்தா.

"எனக்கு அடுத்த வாரம் பரீட்சை இருக்கு"ன்னா லாரி. "எழுதுற கை இது. பாத்துக்கோ."

"வேணும்னா இன்னொரு கையக் குடு."

லாரி அவ கண்ணப் பாத்தா. "வேணாம். இதையே புடி"ன்னு அதே கைய நீட்டினா.

அம்மாக்காரங்க என் நாற்காலிக்குப் பின்னால வந்து நின்னுக்கிட்டாங்க. அவங்க மூச்சு என் தலையில பட்டுச்சு. என் பொண்ணு படியிலேர்ந்தே எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தா. நான் மணி அடிச்சேன்.

மணிக்கட்டு, திருப்பு, தோளு. பாய் நடுவுல சுவரு எட்டாது, அதனால லாரி மண்டி போட்டா. பென்சில் கைய இன்னும் ஒரு விரக்கடை மேல ஏத்தினா. லாரி பாய்ல தட்டினா. பட். ரெண்டாவது தட்டுக்கு உள்ளங்கை தூக்குறதுக்குள்ளயே பென்சில் கை திறந்துடுச்சு. ஒரு அடி பின்னால போனா, கைய ரெண்டையும் தொங்க விட்டா, தலையக் குனிஞ்சா. குனிஞ்ச தலைய ரொம்ப நேரம் நிமித்தல.

லாரி எழுந்து தோளச் சுத்திப் பாத்துக்கிட்டு மறுபடி கைய நீட்டினா. "இன்னொண்ணு. மணி இன்னும் அடிக்கல."

ரெண்டு நிமிஷத்துல ஆறு தடவ புடிச்சா, ஆறு தடவையும் விட்டா. அப்புறம்தான் நான் மணி அடிச்சேன்.

என் பொண்ணு தோளு நழுவல, தசை கிழிஞ்சிருக்குன்னு டாக்டர் அப்புறம் சொன்னாரு. ரெண்டு மாசம் ஆகும்னாரு. அன்னிக்கு நாங்க கெளம்பும்போது அவ கால்ல ஒரு லேஸ் அவுந்திருந்துச்சு. ஒத்தக் கையால கட்டப் பாத்தா, முடியல. பென்சில் படியில மண்டி போட்டு உக்காந்து கட்டிவிட்டா. கட்டிட்டு மேல ரெண்டாவது முடிச்சும் போட்டா.

என் பொண்ணு அவ தோள்ல நல்ல கைய வச்சு, நன்றின்னு சொல்ற மாதிரி ரெண்டு தடவ தட்டினா.

பென்சில் நிமிந்து பாத்தா. லேஸ் முனை ரெண்டும் இன்னும் அவ விரலுக்குள்ளதான் இருந்துச்சு.

"ஷூ போட்டிருக்கீங்க மாஸ்டர். செல்லாது"ன்னா.

அப்புறம் அம்மா கையில இருந்த வீட்டுச் சாவிய வாங்கிக்கிட்டு, அவங்களுக்கு முன்னால படியிறங்கிப் போனா.